கோழிக்குத் தடுப்பூசியை மாற்றிப் போடலாமா, கலந்து போடலாமா?

பூதப்பாண்டியில் கும்பப்பூ அறுவடை முடிகிற நேரத்தில் புறக்கடைக் கோழி வளர்ப்புப் பயிற்சி ஒன்று நடத்தினோம். திட்டுவிளை, தெரிசனங்கோப்பு, அருமநல்லூர் பக்கமிருந்து நாற்பது பேர் வரை வந்திருந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசி அட்டவணையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "ஏன் சாரே, கொரோனாவுக்கு எனக்கு மொத ரெண்டு ஊசியும் ஒண்ணு, மூணாவது வேற ஊசி போட்டாவ. மாத்திப் போட்டா புது கொரோனாவுக்கும் கேக்கும்னு சொன்னாவ. கோழிக்கும் அப்பிடி மாத்திப் போடலாமா?"

அவர் பக்கத்தில் இருந்த ஓர் இளைஞர் உடனே, "மாத்தி எதுக்கு, ரெண்டையும் ஒண்ணா கலந்து ஒரே ஊசியா போட்டா வேலை முடிஞ்சுதுல்லா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா கேட்டதற்குப் பதில் 'ஆம்'. இளைஞர் சொன்னதற்குப் பதில் 'கூடவே கூடாது'. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியாததால் நம் மாவட்டத்தில் ஆண்டுதோறும் எத்தனையோ கூடுகள் காலியாகின்றன. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேளாண்மை படித்தவன், கால்நடை மருத்துவர் அல்லன். கீழே சொல்வது பொதுவான விளக்கமும் நடைமுறையும்தான். உங்கள் ஊரில் இப்போது எந்த நோய் நடமாடுகிறது, எந்த மருந்து கையிருப்பில் இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் கால்நடை மருந்தகத்தின் மருத்துவர்.

கொரோனாவில் நாம் கண்டது

2021 மே மாதத்தில் உத்தரப்பிரதேசத்தின் சித்தார்த்நகர் மாவட்டத்தில் ஒரு கிராமத்து மக்கள் 20 பேருக்கு முதல் தவணை கோவிஷீல்டும் இரண்டாம் தவணை கோவாக்சினும் தவறுதலாகப் போடப்பட்டன. அப்போது பெரிய பரபரப்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அவர்களில் 18 பேரின் இரத்தத்தைச் சோதித்து, ஒரே ஊசியை இரண்டு முறை போட்டுக்கொண்டவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. மாற்றிப் போட்டுக்கொண்டவர்களுக்கு ஆபத்து எதுவும் வரவில்லை. ஆல்பா, பீட்டா, டெல்டா என்று உருமாறிய வைரஸ்களைத் தடுக்கும் திறன் அவர்கள் இரத்தத்தில் கூடுதலாகவே இருந்தது. 18 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். அதை மட்டும் வைத்து ஊருக்கே சட்டம் போட முடியாது.

அதனால் நம் தமிழ்நாட்டிலேயே, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், முறையான ஆய்வு நடத்த 2021 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. கோவாக்சின் போட்டிருந்தவர்களுக்கு கோவிஷீல்டை பூஸ்டராகக் கொடுத்தபோது எதிர்ப்புப் பொருள் நன்றாக ஏறியது. ஆனால் கோவிஷீல்டு போட்டிருந்தவர்களுக்கு கோவாக்சினை பூஸ்டராகக் கொடுத்தபோது அந்த அளவுக்கு ஏறவில்லை. மாற்றினாலே நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. எதற்குப் பின் எது என்ற வரிசை முக்கியம் என்பது இதிலிருந்து தெரிகிறது. 2022 ஆகஸ்டில் கோர்பிவேக்ஸ் ஊசியை, முன்பு வேறு ஊசி போட்டவர்களுக்கும் பூஸ்டராகப் போட மத்திய அரசு அனுமதித்தது. அந்த அம்மாவுக்கு மூன்றாவதாகப் போட்டது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஏன் இப்படி? ஒவ்வொரு தடுப்பூசியும் வைரஸை உடம்புக்கு வேறு விதமாகக் காட்டுகிறது. கோவிஷீல்டு வைரஸின் முள் போன்ற பகுதியை மட்டும் உடம்பையே தயாரிக்க வைத்துக் காட்டுகிறது. கோவாக்சின் செத்த வைரஸை முழுசாகக் காட்டுகிறது. கோர்பிவேக்ஸ் அந்த முள்ளிலும் நம் உடம்பு செல்லைப் பிடிக்கும் சிறு துண்டை மட்டும் காட்டுகிறது. ஒரு திருடனின் முகத்தை மட்டும் பார்த்தவன், அவன் மீசையை எடுத்துவிட்டு வந்தால் தடுமாறுவான். நடையையும் உயரத்தையும் சேர்த்துப் பார்த்தவன் அவ்வளவு சுலபத்தில் ஏமாற மாட்டான். மாற்றிப் போடுவதன் அடிப்படை இவ்வளவுதான்.

நெல் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே எதிர்ப்புத் திறனுள்ள ரகத்தையே ஏக்கர் ஏக்கராக ஆண்டுக்கணக்கில் போட்டால், அதைத் தாண்டும் புகையான் இனம் ஒரு நாள் வந்து நிற்கும். எதிர்ப்பு வேறு வேறு வழியில் வரும்போது பூச்சிக்குத் தாண்டுவது கடினம்.

வெள்ளைக்கழிச்சல்: ஒரே நோய், பல மரபுவகை

இந்த நோய் 1926-இல் இந்தோனேசியாவின் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டது. இந்தியாவில் 1927-இல் இமயமலையடிவார ஊரான ராணிகேத்தில் கண்டார்கள். அதனால்தான் மருந்துச் சீட்டில் ராணிகேத் என்றும் புத்தகத்தில் நியூகாசில் என்றும் எழுதுகிறார்கள். நம் ஊரில் கோழிக்கழிச்சல், வெள்ளைக்கழிச்சல். மூன்றும் ஒன்றே. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கோழி கூம்பிப்போய் நிற்கும், வாயைத் திறந்து மூச்சுவிடும், இறக்கை தொங்கும். பிழைத்தவை சில கழுத்தைத் திருகிக்கொண்டு திரியும். தடுப்பூசி போடாத கூட்டில் புகுந்தால் ஒரு வாரத்தில் பெரும்பாலான கோழிகள் போய்விடும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் இருக்கின்றன. இந்த வைரஸ் கோமாரி நோயின் வைரஸைப் போல முற்றிலும் வேறு வேறு வகைகளாகப் பிரிந்திருக்கவில்லை. எந்த வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைச் சரியாகப் போட்டாலும் எந்த வெள்ளைக்கழிச்சலிலிருந்தும் கோழியின் உயிர் பெரும்பாலும் தப்பும். அது நல்ல செய்தி. ஆனால் ஒரே வகைக்குள்ளேயே மரபுவகைகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. நாம் போடும் லசோட்டா 1946-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு பண்ணைக் கோழியிலிருந்து எடுக்கப்பட்டது. ஆர்.டி.வி.கே. எனப்படும் இறக்கைக்கடி ஊசியின் வைரஸும் 1940-களில் வீரியம் குறைக்கப்பட்டது. எண்பது ஆண்டு ஆகப்போகிறது. அதற்குள் வெளியே சுற்றுகிற வைரஸ் வேறு மரபுவகைக்கு மாறிவிட்டது. இந்தியாவில் இப்போது நோயுண்டாக்குபவற்றில் 13-ஆம் மரபுவகை முக்கியமானது. லசோட்டா 2-ஆம் மரபுவகை.

இந்த இடைவெளியின் விளைவு என்ன? தடுப்பூசி போட்ட கோழி சாகாது. ஆனால் வெளியில் சுற்றும் வைரஸ் அதன் உடம்பில் நுழைந்தால், எச்சத்திலும் மூச்சிலும் சில நாள் வைரஸை வெளிவிடும். தடுப்பூசியின் மரபுவகையும் வெளி வைரஸின் மரபுவகையும் ஒத்துப்போனால் இப்படி வெளிவரும் அளவு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "என் கோழிக்கு ஊசி போட்டாச்சு, நல்லாத்தான் இருக்கு, அடுத்த வீட்டுக் கோழி மட்டும் எப்பிடிச் செத்துது?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். உங்கள் கோழி தப்பித்தது. அது வெளிவிட்ட வைரஸ் ஊசி போடாத அடுத்த வீட்டுக் கோழிக்குப் போனது.

ஒத்த மரபுவகை ஊசி கையில் இல்லாதபோது என்ன செய்வது? ஆன்டிபாடி எனும் எதிர்ப்புப் பொருளின் அளவை எட்டியவரை உயர்த்துவது, அதை உயரத்திலேயே நிறுத்தி வைப்பது, கண், மூக்கு, குடல் எல்லா வாசலிலும் காவல் வைப்பது. அதற்குத்தான் வேறு வேறு ஊசிகளை வரிசையாகப் போடும் முறை.

சொட்டு முதலில், ஊசி பிறகு

வரிசை எப்படி என்று பார்ப்போம். குஞ்சு 7 நாள் வயதில் இருக்கும்போது எப்-1 அல்லது லசோட்டா கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. இது மிக மென்மையான உயிருள்ள வைரஸ். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுரப்பியிலேயே எதிர்ப்பைத் தூண்டும். இரத்தத்தில் அளவு அதிகம் ஏறாவிட்டாலும் வாசலில் காவல் நின்றுவிடும். ஏழு நாள் ஏன்? தாய்க்கோழி நன்றாகத் தடுப்பூசி போட்டதாக இருந்தால் முட்டை வழியாகக் குஞ்சுக்கு எதிர்ப்புப் பொருள் வந்திருக்கும். அது நான்கைந்து நாளுக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். அது உச்சத்தில் இருக்கும்போது மருந்து கொடுத்தால் அந்த எதிர்ப்புப் பொருளே மருந்தைக் கொன்றுவிடும். பொரித்த அன்றே சொட்டு விட்டு, அதோடு முடிந்தது என்று இருந்தவர்கள் கெட்டது இதனால்தான்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் லசோட்டா இன்னொரு முறை, குடிநீரிலோ சொட்டாகவோ. ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆர்.டி.வி.கே. இறக்கைக்கடியில் தோலுக்குக் கீழே அரை மி.லி. இந்த வைரஸ் கொஞ்சம் முரட்டு வகை. அதனாலேயே எதிர்ப்பு உயரமாகவும் நீண்ட காலமும் இருக்கும். அதே காரணத்தால், முன்பு சொட்டு வாங்காத இளங்குஞ்சுக்கு இதை நேராகப் போட்டால் ஊசியே நோயாகிவிடும். குஞ்சு காலிழுக்கும், சாகும். "ஊசி போட்டுத்தான் செத்துது" என்று ஊரில் பேச்சு வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஊசியில் குறை இல்லை, வரிசையில் குறை. முட்டையிட்டுக்கொண்டிருக்கும் கோழிக்கு ஆர்.டி.வி.கே. போட்டால் சில நாள் முட்டை குறையும், பயப்பட வேண்டாம். அதைத் தவிர்க்கத்தான் முட்டையிடத் தொடங்குவதற்கு முன்பே, 16 வார வாக்கில், அடுத்த தவணையைப் போட்டுவிடச் சொல்கிறோம்.

நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் இதற்கு மேலும் ஒரு படி போகிறார்கள். உயிருள்ள சொட்டும் குடிநீர் மருந்தும் கொடுத்து முடித்து, முட்டைப் பருவத்துக்கு முன்னால் எண்ணெயில் கலந்த, செயலிழக்கச் செய்த ஊசியைப் போடுகிறார்கள். செத்த வைரஸை மட்டும் முதலிலேயே போட்டால் எதிர்ப்பு மெதுவாக, மட்டாக வரும். உயிருள்ளதைக் கொடுத்து உடம்பைப் பழக்கிவிட்டு செத்ததைப் போட்டால் எதிர்ப்பு மிக உயரமாகி மாதக்கணக்கில் நிற்கும். வேலூரில் மனிதர்களில் பார்த்த அதே 'எதற்குப் பின் எது' என்ற கணக்கைக் கோழிப் பண்ணைக்காரர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கையாண்டிருக்கிறார்கள். கொரோனா வந்தபோது கால்நடை மருத்துவர்கள் யாரும் இதில் ஆச்சரியப்படவில்லை.

பத்துப் பன்னிரண்டு கோழி வைத்திருப்பவருக்கு எண்ணெய் ஊசி தேவைப்படாது. சொட்டு, பிறகு ஆர்.டி.வி.கே., பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்ப ஊசி என்பதே போதும். மரத்தில் அடையும் கோழியைப் பிடித்து ஊசி போட முடியவில்லை என்பவர்களுக்காகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் குருணை வடிவில் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. தீவனம் போல் கொத்தித் தின்னும். ஆனால் கூட்டத்தில் பலசாலிக் கோழி அதிகமும் நோஞ்சான் குறைவும் தின்னும் என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்க முடிகிற கோழிக்கு ஊசியே மேல்.

ஒரே குப்பியில் கலப்பது

இப்போது அந்த இளைஞர் சொன்னதற்கு வருகிறேன். வேறு ஒரு கிராமத்தில் இருநூறு நாட்டுக்கோழி வளர்த்த ஒருவர், நாள் மிச்சம் என்று வெள்ளைக்கழிச்சல் மருந்தையும் அம்மை மருந்தையும் ஒரே கரைப்பானில் கரைத்து இறக்கைக்கடியில் போட்டுவிட்டார். மூன்று வாரத்தில் அம்மைக் கொப்புளமும் வந்தது, அதற்குப் பின்னால் கழிச்சலும் வந்தது. அவருடைய ஒரு வருட உழைப்பு, சங்கத்தில் வாங்கிய கடன், எல்லாம் குழிக்குள் போயின. சுண்ணாம்பு போட்டு மூடும்போது நான் பக்கத்தில் நின்றேன்.

கலக்கக் கூடாது என்பதற்குக் காரணங்கள் பல. ஒரு மருந்துக்கான கரைப்பான் மற்ற வைரஸைக் கொல்லலாம். ஒவ்வொரு மருந்தும் போகவேண்டிய இடம் வேறு: அம்மை மருந்து இறக்கைச் சவ்வில் இரட்டை ஊசியால் குத்த வேண்டியது, ஆர்.டி.வி.கே. தோலுக்கடியில். மூன்றாவது காரணம்தான் பலருக்குத் தெரியாதது. உயிருள்ள இரண்டு வைரஸ்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வளர முயன்றால் ஒன்று மற்றதை அமுக்கிவிடும். மூச்சுக்குழல் அழற்சி நோய் மருந்தின் வைரஸ் வேகமாகப் பெருகி வெள்ளைக்கழிச்சல் மருந்தின் வைரஸை வளரவிடாது. கடையில் இவ்விரண்டும் சேர்ந்த மருந்து கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். அதில் எது எத்தனை பங்கு இருக்க வேண்டும் என்று அளந்து, சோதித்து, தொழிற்சாலையில் கலந்திருக்கிறார்கள். நம் வீட்டுத் திண்ணையில் அந்த அளவு வராது. தனித்தனிக் குப்பிகளாக வாங்கினால் தனித்தனி நாளில்தான் போட வேண்டும். மூச்சுப்பாதை மருந்துகள் இரண்டுக்கு நடுவே இரண்டு வாரமாவது விடுவது நல்லது.

இன்னொன்று. கம்போரோ நோய் தாக்கிய குஞ்சுக்கு எந்த ஊசியும் சரியாகப் பிடிக்காது. அந்த வைரஸ், எதிர்ப்புச் செல்கள் உருவாகும் உறுப்பையே அழித்துவிடுகிறது. குஞ்சு வாங்கும்போது பொரிப்பகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தாய்க்கோழிக்கு என்னென்ன போட்டிருக்கிறது என்பது.

கலப்பது நல்லதாக முடிந்த இடங்கள்

மூச்சுக்குழல் அழற்சி நோயின் வைரஸ், கொரோனா குடும்பத்தைச் சேர்ந்தது. கோழிக்கு மட்டும் வரும், நமக்கு வராது. கோவிட் போலவே விடாமல் உருமாறும். மாசசூசெட்ஸ் வகைக்கான மருந்து, பிறகு வந்த 4/91 வகையைச் சரியாகத் தடுக்கவில்லை. இங்கிலாந்தில் 1990-களில், முதல் நாளில் மாசசூசெட்ஸ் வகை மருந்தும் இரண்டு வாரம் கழித்து 4/91 வகை மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். இவ்விரண்டிலும் சேராத வேறு பல உருமாறிய வைரஸ்களிடமிருந்தும் கோழி தப்பியது. ஒவ்வொரு புது வைரஸுக்கும் ஒவ்வொரு மருந்து செய்து ஓட முடியாது, ஒன்றுக்கொன்று தூரத்தில் இருக்கும் இரண்டைத் தேர்ந்து வரிசையாகக் கொடுத்தால் நடுவில் இருப்பவையும் அடங்கும் என்பது அதிலிருந்து வந்த நடைமுறை. அந்த அம்மாவின் கேள்விக்கு நேரடியான பதில் என்றால் இதுதான்.

மாரெக் நோயின் கதை வேறு மாதிரி. 1970 வாக்கில் வான்கோழியின் வைரஸிலிருந்து செய்த ஊசி வந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு நன்றாக வேலை செய்தது. பிறகு அதைத் தாண்டும் முரட்டு வைரஸ் வந்தது. 1980-களில் இன்னொரு வைரஸைச் சேர்த்து இரட்டை ஊசியாக்கினார்கள். இரண்டையும் தனித்தனியாகப் போட்டால் கிடைக்கும் பாதுகாப்பைவிடச் சேர்த்துப் போட்டபோது அதிகம் கிடைத்தது. அதையும் தாண்டி இன்னும் முரட்டு வைரஸ் வர, ரிஸ்பென்ஸ் என்ற ஊசியை எடுத்தார்கள். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, சாவைத் தடுத்து பரவலைத் தடுக்காத இத்தகைய ஊசிகள், மிக முரட்டு வைரஸ்களும் பிழைத்துப் பரவ இடம் கொடுக்கின்றன என்று காட்டியது. இதைப் படித்துவிட்டு ஊசியே வேண்டாம் என்று முடிவெடுத்தால் தவறு. ஊசி போடாத கோழிதான் அந்த முரட்டு வைரஸுக்கு முதல் பலி. ஊசியோடு சுத்தமும் தனிமைப்படுத்தலும் சேர வேண்டும் என்றே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும்

கோமாரியில் வகைகள் ஏழு. ஒரு வகைக்கான ஊசி மற்ற வகையைத் தடுக்காது. இந்தியாவில் போடும் ஊசியில் ஓ, ஏ, ஆசியா-1 என்று மூன்றையும் தொழிற்சாலையிலேயே கலந்திருக்கிறார்கள். சி வகை முன்பு சேர்ந்திருந்தது. நாட்டில் 1995-க்குப் பிறகு அது காணப்படாததால் எடுத்துவிட்டார்கள். 2019-இல் தொடங்கிய தேசிய கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது இலவசமாகப் போடப்படுகிறது. இங்கே நாம் மாற்றவோ கலக்கவோ எதுவும் இல்லை. செய்ய வேண்டியது ஒன்றே: கன்றுக்கு நான்கு மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. பலர் கன்றின் அந்த இரண்டாவது ஊசியை விட்டுவிடுகிறார்கள். பால் குறையும் என்று சினை மாட்டை மறைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். தோவாளை பக்கம் ஒரு தொழுவத்தில் மறைத்த அந்த ஒரு மாட்டுக்கே வாய்ப்புண் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தோல் கழலை நோய் 2019-இல் ஒடிசாவில் வந்தபோது இந்தியாவில் அதற்கென்று ஊசி இல்லை. ஆட்டம்மை ஊசியை மாட்டுக்குப் போட்டார்கள். இரண்டு வைரஸ்களும் ஒரே குடும்பம் என்பதால் அது ஓரளவு தடுத்தது. 2022 ஆகஸ்டில் மாட்டின் வைரஸிலிருந்தே செய்த ஊசி அறிமுகப்படுத்தப்பட்டது. ஆட்டம்மை ஊசி போட்ட மாட்டுக்கு அடுத்த ஆண்டு வேறு ஊசி போடலாமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். முன்பு போட்டது எது, எந்தத் தேதி என்று அவரிடம் சொல்ல உங்களிடம் குறிப்பு இருக்க வேண்டும்.

செம்மறி ஆடு வைத்திருப்பவர்கள், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வரும் நீலநாக்கு நோய்க்கு ஐந்து வகைகளைச் சேர்த்த ஊசி இருப்பதை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்பே போட வேண்டும்.

குளிர்ச்சி, குப்பி, தண்ணீர்

எந்த ஊசிக்குப் பின் எந்த ஊசி என்று எவ்வளவு பேசினாலும், மருந்து வழியிலேயே செத்துப்போனால் எல்லாம் வீண். நானே பணியில் சேர்ந்த புதிதில், ஐஸ் உருகிப்போன பிளாஸ்கில் மருந்தைக் கொண்டுபோய் ஓர் ஊர் முழுக்கப் போட்டுவிட்டு, பிறகு விஷயம் தெரிந்து அடுத்த வாரம் திரும்பப் போய் மன்னிப்புக் கேட்டு மறுபடி போட்டிருக்கிறேன். பேருந்தில் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவரும் மருந்து மருந்தே அல்ல. 2 முதல் 8 டிகிரி வரை குளிர் வேண்டும். செயலிழக்கச் செய்த எண்ணெய் ஊசியை ஃப்ரீசரில் வைத்து உறையவிடக் கூடாது. கரைத்த மருந்தை ஐஸ் மேல் வைத்தபடி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்து வைப்பது அறவே கூடாது. காலி குப்பியைக் கொதிநீரில் போட்டுப் பிறகு புதையுங்கள்; உள்ளே இருப்பது உயிருள்ள வைரஸ்.

குடிநீரில் கொடுப்பவர்கள் பஞ்சாயத்துக் குழாய் தண்ணீரை எடுக்க வேண்டாம். குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீரும், லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடியும் போதும். கோடையில் ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீரை எடுத்துவிட்டுப் பிறகு மருந்து நீரை வைத்தால் எல்லாக் கோழியும் குடிக்கும்.

ஒரு குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கோ அதற்கு மேலோ இருக்கும். பன்னிரண்டு கோழிக்காக யார் அதைத் திறப்பார்கள்? இதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். அருமநல்லூரில் மகளிர் குழு ஒன்று எட்டு வீட்டுக் கோழிகளை முதல் நாள் இரவே கூட்டில் அடைத்து, விடிகாலையில் ஒரே குப்பியில் எல்லா வீட்டுக்கும் முடித்துவிடுகிறது. அடுத்த வீட்டுக் கோழியும் காக்கப்படுவதால், மேலே சொன்ன வைரஸ் வெளிவரும் பிரச்சினைக்கும் இதுவே நல்ல மருந்து.

கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் நோய் தடுப்பூசி இருவார முகாம் நடத்துகிறது. நம் பகுதிக்கு அந்த நேரம் மிகப் பொருத்தம். கும்பப்பூ அறுவடை ஆனதும் ஊர்க் கோழிகள் எல்லாம் ஒரே வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்க இறங்கும். கழிச்சலும் மாசி, பங்குனி வெயிலில்தான் அதிகம். வயலுக்கு இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஊசி உடம்பில் இருந்தால்தான் எதிர்ப்பு உருவாகியிருக்கும். முகாம் வரும்வரை காத்திருந்து தவறவிட்டவர்கள் கால்நடை மருந்தகத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சந்தையில் வாங்கிய கோழியை வந்த அன்றே மற்ற கோழிகளோடு விடாதீர்கள். இரண்டு வாரம் தனிக்கூட்டில் வையுங்கள். ஏற்கெனவே கழிச்சல் கண்ட கூட்டில் ஊசியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். நோய் உள்ளே பதுங்கியிருக்கும் கோழிக்கு அது உதவாது, ஒரே ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தும்போது நோயை நாமே பரப்புவோம். முதலில் மருத்துவரைக் கூப்பிடுங்கள். செத்த கோழியை பழையாற்றிலோ வாய்க்காலிலோ எறியாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

வீட்டில் ஒரு நாள்காட்டியின் பின்பக்கத்திலாவது மருந்தின் பெயர், போட்ட தேதி, குப்பியின் தொகுதி எண், கோழியின் வயது ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். அடுத்த தவணைக்குப் போகும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோனால், எதற்குப் பின் எதைப் போடுவது என்று மருத்துவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.